'தீர்ப்பாணையைப் போல': ஓர் உவம உருபின் சட்ட வரலாறு

நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற நடுவரிடம் அமீனாவும் இல்லை, சிறையும் இல்லை. தோற்றவர் பணம் தர மறுத்தால், வென்றவர் நீதிமன்றத்தின் கையைத்தான் நாட வேண்டும். அந்தக் கை எப்போது நீளும் என்பதில், இந்தியச் சட்டங்களில் இடம்பெற்ற 'போல' என்னும் சிறு உருபுக்குப் பெரும் பங்குண்டு.

நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட நடுவர் தீர்ப்பு, அந்நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றத்தக்கது என்றது 1899ஆம் ஆண்டுச் சட்டம். 1940ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உவமையைக் கைவிட்டது. நீதிமன்றம் தீர்ப்புரைத்து, அதன்மேல் உண்மையான தீர்ப்பாணை பிறந்த பின்னரே வசூலுக்குச் செல்ல முடியும் என்றாயிற்று. வழக்காடுவதைத் தவிர்க்க நடுவரிடம் சென்றவர் மீண்டும் வழக்காட நேர்ந்தது. 1981இல் குருநானக் அறக்கட்டளை வழக்கில் நீதிபதி டி.ஏ. தேசாய் இந்நிலையைக் கடுமையாகச் சாடினார்.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் 'போல' திரும்பி வந்தது. ஆயினும் தீர்ப்பை எதிர்த்து மனுப்போட்டாலே நிறைவேற்றம் தானாக நின்றுவிடும் நிலை 2015 திருத்தம் வரை நீடித்தது. அத்திருத்தத்தின் பயனைக் குறுக்க 2019இல் நுழைக்கப்பட்ட 87ஆம் பிரிவை, அவ்வாண்டு நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

சுவையானது இதற்கிடையே நிகழ்ந்தது. நடுவர் தீர்ப்பை வைத்துக் கடனாளிக்கு நொடிப்பு அறிவிப்பு அனுப்பலாமா என்ற வினா 2006இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. உவமை வேறு, பொருள் வேறு என்றது நீதிமன்றம். நிறைவேற்றும் அளவிற்கே அது தீர்ப்பாணை, 1909ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்திற்கு அன்று. முகத்தைத் தாமரை என்றதற்காக எவரும் அதில் தேன் தேடுவதில்லை அல்லவா? கடன் கொடுத்தவர் தோற்றார்.

அதே வேறுபாடு 2018இல் கடன் கொடுத்தவருக்குத் துணைநின்றது. சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் மொரேனாவில் நிறைவேற்று மனு அளித்தபோது, முதலில் தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் மனு அளித்துத் தீர்ப்பாணையை மாற்றி வாங்கி வருமாறு கூறப்பட்டது. தீர்ப்பாணையை எந்த நீதிமன்றமும் பிறப்பிக்காதபோது மாற்றித்தர எவருளர்? சொத்து எங்குள்ளதோ அங்கேயே நேராக மனு அளிக்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்த்தது.