தேயிலைத் தொழிற்சாலையும் தீ மணியும்



கண்டி மாநகரை விட்டு ஹந்தானை மலைப்பாதையில் ஏறுவோர் வழியிலே நான்கு மாடிகளுடன் நிமிர்ந்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைக் காண்பர். 1925ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிற்சாலையாக எழுந்த அது, 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை அரும்பொருட்காட்சியகமாக விளங்குகின்றது. தோட்டத்து மக்கள் இத்தகைய கட்டடத்தை ‘இஸ்டோர்’ என்றே அழைப்பர். அதன் அமைப்பை நோக்கினால், தீயும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் எத்துணை நெருங்கி வாழ்ந்தனர் என்பது விளங்கும்.

தொடக்கத்தில் அந்நெருக்கம் இன்னும் மிகுதி. தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களாத் தாழ்வாரத்திலேயே கொழுந்தைக் கையாற் சுருட்டுவித்து, களிமண் அடுப்பிற் கரி மூட்டி, கம்பித் தட்டுகளிற் பரப்பி உலர்த்தினார். அங்கே தீப்பற்றினால் அறிவிக்க மணி வேண்டியதில்லை. அடுப்பின் அருகிலேதான் அனைவரும் இருந்தனர்.

இயந்திரங்கள் வந்தன, மாடிகள் உயர்ந்தன. கீழ்த்தளத்தில் விறகு எரியும் உலை. அதன் வெப்பக் காற்று, ஏறக்குறைய 90 பாகை செல்சியசில், உலர்த்தும் இயந்திரத்துட் புகுந்து இலையின் ஈரத்தை நூற்றுக்கு மூன்று பங்களவிற்குக் குறைக்கும். மேல்மாடிகளிலோ கொழுந்தை வாட மறுநாட் காலைவரை பரப்பி வைப்பர். முற்காலத்தில் அதற்குச் சணற்றுணித் தட்டுகள் அடுக்கடுக்காய் நின்றன. சலிக்கும் அறையிலே தேயிலையின் பஞ்சு போன்ற தூசு உத்திரங்களிற் படியும். பகலிற் பறித்த கொழுந்து வாடி முடிய, பல தொழிற்சாலைகளில் அரைக்கும் வேலை நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தொடங்கும். ஊர் உறங்கும் வேளையில் உலை விழித்திருக்கும். கீழே ஒரு பொறி பறந்தால், விசிறிகளின் இரைச்சலிடையே மேல்மாடியில் நிற்பவருக்கு அதை அறிவிப்பவர் யார்?

இக்கேள்விக்கு மிகக் கொடிய விடை 1911 மார்ச் 25ஆம் நாள் நியூயோர்க் நகரில் கிடைத்தது. டிரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலை ஒரு கட்டடத்தின் 8, 9, 10ஆம் மாடிகளில் இயங்கியது. எட்டாம் மாடியிற் பற்றிய தீயைப் பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் அறிவித்தனர். உரிமையாளர் உட்பட அங்கிருந்தோர் பெரும்பாலும் கூரை வழியே தப்பினர். ஒன்பதாம் மாடிக்குச் செய்தி சொல்வாரில்லை. மணியுமில்லை. ஒரு கதவோ பூட்டியிருந்தது. மாண்ட 146 பேரிற் பெரும்பாலோர் அம்மாடியில் உழைத்த இளம் பெண்களே.

பின்னர், 20 பேருக்கு மேல் ஒரே கட்டடத்தில் வேலை செய்தால் அக்கட்டடம் முழுவதும் தெளிவாகக் கேட்கும் தீயறிவிப்பு வேண்டுமென 1937ஆம் ஆண்டு ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன் வழிநின்று எழுந்ததே நமது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ‘முழுவதும்’ என்ற அச்சொல்லை, ஒன்பதாம் மாடியை நினையாமல் என்னாற் படிக்க முடிவதில்லை.

மனிதர் காணாத தீயையும் காணும் கருவிகள் உண்டு. வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகடு மின்சுற்றை இணைத்து மணியை ஒலிக்கச் செய்வது ஒருவகை. புகையறியும் கருவியின் பிறப்போ வேடிக்கையானது. சுவிற்சர்லாந்து அறிஞர் வால்டர் ஜேகர் 1930களின் பிற்பகுதியில் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றை ஆக்க முயன்று தோற்றார். சலிப்புற்று ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க, அதன் புகைக்குக் கருவியின் முள் அசைந்தது! எனினும் தேயிலைத் தூசு பறக்கும் அறையில் இக்கருவியை மாட்டினால் தீயில்லாமலே அது அலறும். உலையும் தூசும் உள்ள இடத்திற்கு வெப்பமறியும் கருவியே தக்கது.

வீணாய் அலறும் மணியின் கேடு சிறிதன்று. நான் முன்பு பணியாற்றிய ஒரு பாடசாலையில் தீப்பயிற்சி நடத்த முனைந்து, வழக்கமான மணியையே அடிப்பித்தேன். பிள்ளைகள் இடைவேளை என்றெண்ணிச் சிற்றுண்டிப் பொதிகளை அவிழ்த்துவிட்டார்கள்! தோட்டங்களில் பெரட்டுக்குத் தப்படித்தும் வேலைக்குச் சங்கூதியும் அழைத்த வரலாறு நாம் அறிந்ததே. வேலைக்கு ‘வா’ என்றழைக்கும் ஒலியும் ‘வெளியே ஓடு’ என்னும் ஒலியும் ஒன்றாயிருத்தல் ஆகாது.

மணி ஒலித்தும் மக்கள் மாண்ட கதையும் உண்டு. 2012 நவம்பர் 24ஆம் நாள் டாக்காவிற்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் அபாய மணி அடித்தது. எழுந்தவர்களை, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் திருப்பியனுப்பினர். 110 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அங்கே கருவி தன் கடமையைச் செய்தது. அதற்குச் செவிசாய்க்கும் உரிமைதான் தொழிலாளரிடம் இருக்கவில்லை.

நமது மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் இவ்வுரிமையை முதன்மையாகக் கருதுகின்றேன். சுவரிலே சிவப்புப் பெட்டியொன்று இருக்கும். அதன் கண்ணாடியை உடைத்தால் மணி அடிக்கும். டீமேக்கர் ஐயாவின் உத்தரவைக் கேட்டுவரக் கீழே இறங்கியோடும் நேரத்தில் சணலும் மரமும் பற்றிவிடும். இரவு முறையில் மேல்மாடியிலே கொழுந்தைப் புரட்டி நிற்கும் பெண்ணிடம், அக்கண்ணாடியை யாரையும் கேளாமல் நீயே உடைக்கலாம் என்று எவரேனும் சொல்லியிருக்கிறார்களா? அடுத்த முறை இஸ்டோருக்குச் செல்லும் நேயர்கள் இதை அவளிடமே கேட்டுப் பார்க்கலாம்.