சொர்க்கத்தில் ஒரு மாளிகை, அடையாற்றில் ஒரு பாலம்

சென்ற வாரம் பறங்கிமலை அடிவாரத்தில் நின்றோம். இந்த வாரம் மேலே ஏறலாம். 130-க்கும் மேற்பட்ட கருங்கல் படிகள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டே ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் படிகளை யார் காசில் போட்டது என்று தெரியும்? போர்ச்சுக்கீசியர் என்று நினைப்பவர்கள் அதிகம். உச்சியில் இருக்கும் மாதா கோயில் அவர்கள் 1523-ல் எழுப்பியதுதான். படிகள் வேறொருவர் உபயம்.

அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பாரசீகத்தில் இஸ்ஃபஹானை அடுத்த ஜுல்ஃபாவைச் சேர்ந்த அர்மீனியர். 1720-களில் மதராசுக்கு வந்து நிலைத்தார். ஸ்பானியர் கையில் இருந்த மணிலாவில் ஆங்கிலேயக் கப்பலுக்கு இடமில்லை, அர்மீனியருக்கு இருந்தது. அதனால் கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்கள் சரக்கை அர்மீனியர் பெயரில் அனுப்பிக் காசு பார்த்தார்கள். உஸ்கானும் பார்த்தார், நன்றாகவே பார்த்தார்.

பார்த்த காசை அவர் செலவழித்த விதம்தான் இந்த வாரக் கதை. மயிலாப்பூரில் அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை, சின்னமலையில் அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை, பறங்கிமலையில் அவர் குத்துண்டு இறந்ததாகச் சொல்லப்படும் இடம். கோட்டைப் பக்கமிருந்து மலைக்குப் போக வேண்டுமானால் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆற்றின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1726-ல் உஸ்கான் அங்கே ஒரு பாலம் கட்டினார். மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் வெள்ளைக்காரர் வாயில் மர்மலாங் ஆகி, அதுவே பாலத்துக்கும் பெயரானது. செலவு 30,000 வராகன் என்பார்கள். அதோடு விடாமல், பராமரிப்புக்கென்று தனியாக ஒரு நிதியையும் ஒதுக்கிவைத்தார். திறப்பு விழாவோடு கைகழுவிவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். 1966-ல் அந்தப் பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்தது. உஸ்கான் நட்ட கல்வெட்டு மட்டும் தப்பியது.

பாலமும் படியும் போட்டால் சொர்க்கத்தில் இடம் கிடைக்குமா? உஸ்கான் அப்படி நினைத்தாரா என்பதற்கு நம்மிடம் அவர் வாக்குமூலம் இல்லை. ஆனால் அவர் யாருடைய பெயரால் இதைச் செய்தாரோ, அந்தத் தோமாவைப் பற்றிய பழைய கதை ஒன்று இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ‘தோமாவின் பணிகள்’ சொல்வது அது. கொண்டபோரஸ் என்ற அரசன் தச்சு வேலை தெரிந்த தோமாவிடம் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று கேட்ட அரசனுக்கு, ‘இப்போது தெரியாது, செத்த பிறகு தெரியும்’ என்கிற மாதிரி பதில். கோபப்படாமல் இருப்பானா? சிறையில் தள்ளினான். அன்றிரவே அரசனின் தம்பி காத் இறந்துபோகிறான். தேவதூதர்கள் அவனுக்கு மேலுலகத்து மாளிகைகளைக் காட்டுகிறார்கள். அதில் ஒன்றின் கீழ் அறையிலாவது குடியிருக்கிறேன் என்று கெஞ்சுகிறான். ‘இது உன் அண்ணனுடையது, தோமா கட்டியது’ என்கிறார்கள். காத் உயிரோடு திரும்பி வந்து, அந்த மாளிகையை எனக்கு விற்றுவிடு என்று அண்ணனைப் பிடித்துக்கொள்கிறான். அரசனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்குகிறது. விற்க மாட்டேன், நீ வேண்டுமானால் உனக்கொன்று கட்டிக்கொள், அதே தச்சர் இருக்கிறார் என்கிறான்.

கத்தோலிக்கர்கூட இந்த நூலை வேதமாக வைத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் தானதர்மம் மேலே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இதைவிடச் சுவையாக எங்கும் சொல்லப்பட்டதில்லை என்பது என் எண்ணம். அந்த அரசனும் வெறும் கற்பனை இல்லை. அவன் பெயர் பொறித்த காசுகள் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் கிடைத்திருக்கின்றன.

கதை வேறு, கோட்பாடு வேறு. 1547-ல் பறங்கிமலை உச்சியில் மண்ணுக்குள்ளிருந்து பழைய சிலுவைக்கல் வெளிப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி, இத்தாலிய மலையூரான திரெந்தில் கூடியிருந்த கத்தோலிக்க ஆயர்கள், மனிதன் கடவுள்முன் நீதிமானாவது எப்படி என்ற தீர்மானத்தை வெளியிட்டார்கள். தன் சொந்த முயற்சியால் ஒருவனும் கடவுளை எட்ட முடியாது, தொடக்கம் அவருடைய அருள்தான் என்பது முதல் பாதி. அந்த அருளில் ஊன்றி மனிதன் செய்யும் நன்மைக்கு உண்மையான பேறுபலன் உண்டு என்பது மறுபாதி. மார்ட்டின் லூதருக்கு முதல் பாதியில் பெரிய தகராறு கிடையாது, மறுபாதியில்தான் சண்டை. விசுவாசம் ஒன்றே போதும், நற்கிரியை அதன் கனியாக வரும், விலையாக வராது என்றார் அவர். எபேசியருக்கு எழுதிய பவுலைக் காட்டினார். எதிர்த்தரப்பு யாக்கோபின் நிருபத்தைக் காட்டியது. கடைசித் தீர்ப்பு நாளில் ராஜா கேட்பது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்றுதானே என்று மத்தேயுவையும் காட்டியது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிவாசிகளுக்கு இந்த வழக்கு புதிதல்ல. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வைணவத்தின் வடகலையும் தென்கலையும் எவ்வளவு காலம் வாதாடியிருக்கின்றன! ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரங்குப் பக்கம் நிற்கும் வடகலையார்கூடச் சரணாகதியை ஒரு வியாஜம், அதாவது வெறும் சாக்கு, என்றுதான் சொல்வார்கள், மோட்சத்துக்கு மூலகாரணம் அருளே என்பார்கள். திரெந்தின் நிலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ‘கத்தோலிக்கர் காசு கொடுத்துச் சொர்க்கம் வாங்குகிறவர்கள், புரொட்டஸ்டண்டுகள் நல்லது செய்யத் தேவையில்லை என்கிறவர்கள்’ என்று இரு பக்கமும் சொல்லித் திரிவது சோம்பேறித்தனம்.

உஸ்கானிடம் திரும்புவோம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தார்கள். அவர்கள் பக்கம் சேர அவர் மறுத்தார், சொத்தை இழந்தார், டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் தஞ்சம் புகுந்தார். 1749-ல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் திரும்பிய பிறகுதான் வந்தார். வேப்பேரியில் அவர் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டியிருந்தார். 1751 ஜனவரியில் இறந்தபோது அங்கேதான் அடக்கம். அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் எடுத்துப் பேழையில் வைத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள்.

கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உடந்தை என்று கம்பெனிக்குச் சந்தேகம். சந்தேகத்தின் பலன் கோயில்கள் பறிபோனது. பிரெஞ்சுக்காரரை ஏற்காமல் சொத்தையே விட்ட உஸ்கானின் ஆலயமும் அதில் அடங்கிப்போனது. 1752-ல் அதைப் புரொட்டஸ்டண்டு மிஷனிடம் கொடுத்தார்கள். கையேற்றவர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ், ஜெர்மானிய லுத்தரன் போதகர். மனிதனின் சொந்த நீதி தேவன்முன் செல்லாக்காசு என்று பிரசங்கித்த பீடம், நற்செயலுக்கென்றே பேர்போன ஒருவரின் கல்லறைக்குப் பக்கத்தில், அவரே கட்டிய சுவர்களுக்குள் அமைந்தது. எந்த நாடகாசிரியரும் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

பப்ரிசியுஸ் நல்லதைத் துச்சமாக நினைத்தவர் அல்ல. அவரை அனுப்பிய ஹாலே நகரத்துப் பக்தர்கள் அநாதை இல்லமும் பள்ளியும் மருந்துச்சாலையும் நடத்தியவர்கள். கிருபையைப் பற்றிப் பேசிப்பேசியே அத்தனை நற்கிரியை செய்தவர்கள் ஐரோப்பாவில் குறைவு. அவர் தமிழுக்குச் செய்ததும் கொஞ்சமில்லை. வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார், அகராதி தொகுத்தார், ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். எளிமையான வாழ்க்கை.

அப்படிப்பட்டவர் முதுமையில் கடன்காரச் சிறைக்குப் போனார். போதகர் கையில் இருந்தால் பத்திரம் என்று பலர் பணத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதை அவர் பெரிய இடத்து ஆட்களுக்குக் கடன் கொடுத்தார். வாங்கியவர்கள் கைவிரித்தார்கள். போட்டவர்கள் அவர் கழுத்தில் துண்டு போட்டார்கள். தனக்கென்று எடுத்துக்கொள்ளாத பணத்துக்காகச் சிறை. நல்ல மனசு நீதிமன்றத்தில் செல்லுபடியாகவில்லை, சட்டம் பத்திரத்தைத்தான் பார்த்தது. மனிதனின் நன்மையை நம்பி நிற்காதே என்று நாற்பது வருடம் போதித்தவருக்கு அந்தப் போதனை அந்தச் சுவர்களுக்குள் எப்படி ஒலித்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 1788-ல் வேப்பேரிப் பொறுப்பைக் கெரிக்கே என்ற போதகர் ஏற்றார். 1791 ஜனவரியில் பப்ரிசியுஸ் இறந்தார். உஸ்கான் இறந்து சரியாக நாற்பது ஆண்டுகள், மாதமும் அதே ஜனவரி.

அருளா நற்செயலா என்று ஐரோப்பாவில் மூண்ட சண்டைக்கு 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு சமரசம் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியால் அல்ல, அருளால்தான். அப்படி ஏற்கப்பட்டவனுக்கு நற்செயல் செய்யும் கடமை வந்துசேர்கிறது என்பது அதன் சாரம். பதினாறாம் நூற்றாண்டில் ஒருவரை ஒருவர் சபித்த சாபங்கள் இந்தப் புரிதலுக்குப் பொருந்தாது என்றும் சொன்னார்கள். பேறுபலன் என்ற இடத்தில் இன்னும் இரு தரப்பும் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. அதை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் அந்த ஆவணத்தின் நாணயம்.

வேப்பேரி ஆலயம் பிற்பாடு ஆங்கிலிக்கன் கைக்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கட்டடம் பெற்று, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பரிசுத்த மத்தியா ஆலயமாக நிற்கிறது. உஸ்கானின் கல்லறை அதே வளாகத்தில்தான் இருக்கிறது. பாண்டிச்சேரியில் 1761-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்த அச்சு இயந்திரம் ஒன்றும் இதே வேப்பேரிக்குத்தான் வந்தது. கம்பெனியின் வேலை வந்தால் அதை முதலில் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு பப்ரிசியுஸிடம் அது கொடுக்கப்பட்ட கதை அடுத்த வாரம்.