குளிர்நாட்டு விதியும் வெப்பநாட்டுச் சுவரும்

அமெரிக்காவின் வடமாநிலங்களில் 1930களில் வீட்டுச் சுவர்களுக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு அடைக்கும் வழக்கம் பரவியது. கூடவே வெளிச்சுவரில் பெயின்ட் உரிந்தது. பெயின்டர்கள் பஞ்சைக் குறை சொன்னார்கள். பஞ்சு விற்றவர்கள் வீட்டுக்குள் கிளம்பும் நீராவியைக் கைகாட்டினார்கள். மேடிசன் நகரின் அரசு வனப்பொருள் ஆய்வகமும் மினசோட்டா பல்கலைக்கழகமும் இதை ஆராய்ந்தன. சூடான அறையின் ஈரம் குளிர்ந்த சுவருக்குள் நுழையாதபடி உட்பக்கம் நீராவித் தடுப்பு வைப்பது தீர்வாயிற்று. பனி கொட்டும் ஊருக்கு அது பொருத்தமே.

ஃப்ளோரிடா போன்ற புழுக்கமான ஊர்களில் ஏசி வந்ததும் கணக்கு தலைகீழானது. அங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். ஓட்டல் முதலாளிகளோ ஈரத்துணியால் துடைக்கலாம், நெடுநாள் உழைக்கும் என்று அறைகளுக்கு வினைல் தாள் ஒட்டினார்கள். அழகுக்கு ஒட்டியதுதான், ஆனால் வேலை செய்தது நீராவித் தடுப்பாக, அதுவும் தப்பான பக்கத்தில். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்தக் காற்று சுமார் 25 டிகிரியிலேயே நீராகப் படியும். அறை 22 டிகிரியில் இருக்க, தாளின் பின்புறம் நனையாமல் என்ன செய்யும்? ஓரத்தை உரித்தால் இளஞ்சிவப்புக் கறை, கரும்புள்ளிப் பூஞ்சை, விரல் பட்டாலே பிசுபிசுக்கும் ஜிப்சம் பலகை. பூஞ்சை வாடை அடிக்கும் அறையில் தங்குபவர் ஏசியை இன்னும் குறைத்து வைப்பார். சுவர் மேலும் குளிர்ந்து மேலும் நனையும். மின்சாரம் செலவழித்தே ஓதத்தை வளர்த்த கதை இது.

குளியலறை விசிறிகள் ஓயாமல் காற்றை உறிஞ்சியதால்தான் வெளிக்காற்று இடுக்குகள் வழியே புகுந்தது, தாள்மீது பழி ஏன் என்று கேட்கலாம். பெருமளவு ஈரத்தைக் கொண்டுவந்தது அந்தக் காற்றுதான். வந்த ஈரத்தை உலரவிடாமல் சிறைவைத்தது தாள். தாள் இல்லையேல் ஈரம் அறைக்குள் வந்து ஏசிக்குச் சுமையாகுமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உண்மைதான்: ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 0.7 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தை ஏசி வெளியேற்றியாக வேண்டும். அதற்காகவே தடுப்பு வெளிமுகத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். விரிசலற்ற சுவரை ஊடுருவி வரும் ஈரம் இடுக்குவழிக் காற்று கொண்டுவருவதைவிட மிகக் குறைவு. அதை ஏசி சமாளிக்கும். மாறாக, ஈரம் சுவருக்குள் சிக்கி நனைந்த வெப்பக்காப்பு பாதி பயன்கூடத் தராமல் போகலாம். தாளுக்கு மாற்றாகச் சொல்லப்படும் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கித் திருப்பித் தரும் என்றாலும் அதனாலேயே கரன்ட் பில் பாதியாகிவிடும் என்பது விற்பனைப் பேச்சு. சென்னைக் கடற்கரையோரம் ஏசி அறையின் வெளிச்சுவருக்கு வினைல் ஒட்ட நினைப்பவர்கள், முதலில் வெளிப்பக்க விரிசல்களை அடையுங்கள். உள்ளே நீராவியை விடும் பூச்சே போதும்.