மதுமரம்

‘மெத்தில்’ என்ற சொல்லை எங்கே வெட்டுவது? படிவம் ஆறில் நாம எல்லாரும் மெத், இல் என்றுதான் பிரித்தோம். மெத் என்றால் ஒரு கார்பன். சோதனைக்கு அது போதும்.

1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் மரத்தைச் சூடாக்கி வடிக்கும் ஸ்பிரிட்டை ஆராய்ந்தார்கள். பெயருக்குக் கிரேக்கத்திடம் போனார்கள். ‘மெத்து’ மது, ‘ஹூலே’ மரம், ஒட்டினால் மெத்திலீன். முதல் சொல்லின் கடைசி உயிரும் அடுத்ததன் முதல் உயிரும் கிரேக்கத்தில் ஒரே எழுத்து. இரண்டும் ஒன்றாகி, நடுவில் இருந்த ‘ஹ’ காணாமல் போச்சு. நம்ம புணர்ச்சி மாதிரிதான். ஆக, மெத் என்று வெட்டும்போது மதுவின் வாலையும் சேர்த்து மரத்திடம் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொரு கோளாறும் உண்டு. கிரேக்கத் தொகைச்சொல்லில், தமிழில்போல, அடை முன்னால் வரும். ‘மரமது’ என்று வந்திருக்க வேண்டியது ‘மதுமரம்’ ஆகிவிட்டது! பின்னால் வந்தவர்கள் ‘ஈன்’ வெறும் விகுதி என்று நினைத்துக் கழற்றியதில் பிறந்ததுதான் மெத்தில்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே லீபிக்கும் வோலரும் பென்சாயிலில் அதே ஹூலேயை வைத்திருந்தார்கள். அங்கே அது மரமல்ல. அரிஸ்டாட்டில் சொன்ன ‘மூலப்பொருள்’. இன்றைய ‘இல்’ விகுதியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

மெத்தனாலில் மரமும் போய், மது மட்டும் மிச்சம். 2018இல் சிலாங்கூரில் மலிவு மதுவில் கலந்து பலரைக் கொன்றது இதுதான். குடிக்கிற சாராயமான எத்தனாலின் பெயரில் மதுவே கிடையாது. அது ஈத்தரிலிருந்து வந்தது. அதன் கிரேக்க வேருக்கு எரிதல் என்று பொருள்.