சித்தியா, இல்லையா? ஒரு கோட்டின் கதை

பள்ளிக்கூடம் போன காலத்தில் ரிப்போட் வந்தால் வீட்டில கேட்கிற முதல் கேள்வி, "எத்தனையாம் பிள்ளை?" மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நீ எங்க நிக்கிறாய் என்பதுதான் அதன் அர்த்தம்.

1963இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கிளேசர் கேள்வியையே மாற்றினார். மற்றவர்களை விடுங்கோ, இந்தப் பிள்ளைக்குப் பின்னம் கூட்டத் தெரியுமா, தெரியாதா? இப்படிப் பிறந்ததுதான் அளவுகோல் சார்ந்த சோதனை.

ஆனால் அதன் நம்பகத்தன்மையை எப்படி அளக்கிறது? 1937இல் கூடரும் ரிச்சர்ட்சனும் தந்த சூத்திரம், 1951இல் குரோன்பாக் விளக்கிய அல்பா எல்லாமே புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதில் தங்கியிருந்தன. நன்றாகப் படிப்பித்து முழு வகுப்பும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி எடுத்தால், அந்தக் குணகம் பூச்சியத்தை நோக்கி விழும். நல்ல படிப்பித்தலுக்குச் சோதனை தண்டனை வாங்கின மாதிரி! 1969இல் பொபாமும் ஹுசெக்கும் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார்கள்.

1974இல் சுவாமிநாதன், ஹாம்பிள்டன், அல்ஜினா மூவரும் புள்ளியை விட்டு முடிவைப் பார்க்கச் சொன்னார்கள். அதே பிள்ளை இரண்டு தரம் எழுதினால் முடிவு மாறுமா? ஒரு கணக்குப் பார்ப்போம். 100 பேரில் 80 பேர் இரண்டு தரமும் சித்தி, 6 பேர் இரண்டு தரமும் சித்தியில்லை. மிச்சம் 14 பேரில் 7 பேர் முதல் தரம் மட்டும் சித்தி, 7 பேர் இரண்டாம் தரம் மட்டும். உடன்பாடு 86 வீதம், நல்லாத்தான் இருக்கு. ஆனால் தற்செயலாகவே 77 வீதம் பொருந்தியிருக்கும். அதைக் கழித்து அளக்கும் கோஹனின் கப்பா 0.38 மட்டுமே.

ஒரே பிள்ளையை இரண்டு தரம் எழுத வைக்கிறது லேசில்லை. 1976இல் ஹுயினும் சப்கோவியாக்கும் ஒரே தடவை எழுதிய விடைகளிலிருந்தே இதை மதிப்பிடும் வழிகளைத் தனித்தனியாகத் தந்தார்கள்.

அதே பத்தாண்டில் புளோரிடா மாநிலம், ஒரு சோதனையில் சித்தியடைந்தால்தான் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா என்றது. கறுப்பின மாணவர்கள் பெருமளவில் சித்தியடையவில்லை, வழக்குப் போட்டார்கள். இனப் பாகுபாட்டுப் பள்ளிகளில் படிப்பைத் தொடங்கிய பிள்ளைகளுக்கு இது அநீதி என்று கண்ட நீதிமன்றம், 1979இல் அந்த நிபந்தனையை நான்கு வருடம் தள்ளிவைத்தது. நீதிமன்றம் பார்த்தது படிக்கக் கிடைத்த வாய்ப்பை. சோதனையின் தடுமாற்றம் அதற்கு மேலதிகமான இன்னொரு கேள்வி.

எங்கட பரீட்சைகளிலும் 34க்கும் 35க்கும் நடுவில ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில நிக்கிற 14 பேர் யார் எண்டு ஒருக்காக் கேட்டுப் பார்ப்போம்.