யார் தூக்கிச் சுமக்கிறது? – கூடாரம் பற்றி ஒரு கரிசல் குறிப்பு

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு நனைஞ்ச நோட்டு.

போன ஐப்பசியில் பரளச்சிக்குக் கிழக்கே ஒரு தரிசில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருத்தரோட நாலு நாள் தங்கியிருந்தேன். ராமநாதபுரம், சிவகங்கை, நம்ம திருச்சுழிப் பக்கத்துக் கிடைக்காரர்கள் அறுப்பு முடிஞ்ச வயலைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் வரைக்கும் ஆட்டை ஓட்டிப் போவாங்க. மழைக்காலத்துக்கு ஊர்ப்பக்கம் திரும்பிடுவாங்க. பெரியவருக்கு எண்பதை ஒட்டி வயசு. அவர் சின்னப் பையனா இருந்தப்போ வைகையைத் தாண்டிப் போன வலசைத் தடத்தில் எந்தெந்த ஊர்ல தங்கினாங்க, எந்தக் கண்மாயில் தண்ணி காட்டினாங்க, யார் வயல்ல கிடை அமர்த்தினா எத்தனை மரக்கால் நெல்லு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மூணு நாளில் நாற்பது பக்கம் எழுதினேன். மூணாம் நாள் ராத்திரி மழை பிடிச்சுது.

என் கூடாரம் இணையத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினது. பையில் 'வாட்டர்ப்ரூஃப்'னு கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அரைமணி நேரம் தாங்குச்சு. அப்புறம் கொண்டல் காத்து ஓங்கி அடிச்சதில், கண்ணாடி நார்க் கம்பி ஒண்ணு நீளவாக்கில் பிளந்து, கூரை என் மூஞ்சியில் விழுந்தது. அடியிலிருந்தும் தண்ணி ஏறியது. நோட்டை எழுதினது ஜெல் பேனாவில். விடிஞ்சு பார்த்தா பக்கம் பூரா நீலக் கரைசல். பதினோரு ஊர்ப் பேர்தான் வாசிக்க முடிஞ்சது. சரி, திரும்ப வந்து கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன். பெரியவர் மாசியில் தவறிட்டார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குப் பத்தடி தள்ளி அவர் படுத்திருந்த இடம் காய்ஞ்சு கிடந்தது. அதை அப்போ நான் சரியாகக் கவனிக்கலை. இப்போ யோசித்து யோசித்து நினைவுக்குக் கொண்டுவருகிறேன்.

வளைச்ச கம்புகள் மேலே ஒரு தார்ப்பாய். உயரம் என் இடுப்புக்கும் கீழே. கிழக்குப் பக்கம் பாய் மண்ணைத் தொடுற மாதிரி இறங்கி, விளிம்பு மேலே மண்ணை அள்ளிப் போட்டிருந்தது. மேற்குப் பக்கம் திறப்பு. சுத்தி ஒரு சாண் ஆழத்தில் வடிகால். பக்கத்திலேயே குட்டிகளைக் கவுத்து வைக்கிற கூடை, அதுக்கும் ஒரு பாலித்தீன் தாள். காலையில் என் கோலத்தைப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, வீட்ட காத்துக்கு எதிர நிமித்தி வச்சா அது சும்மா விடுமா? அதும் நம்ம கூடப் படுக்கணும்ல." அவங்க அப்பா காலத்தில் பனையோலைதான், தார்ப்பாய் எல்லாம் பின்னாடி வந்ததுன்னார். ஓலை கனம் குறைச்சல், ஆனா ரெண்டு மழைக்காலம் தாங்காதாம்.

கூடாரத்துக்கு ஒரு வரலாறு எழுதணும்னா இந்த ஓலைதான் முதல் தடை. மக்கிப் போற பொருளுக்குத் தடயம் கிடையாது. ராஜாவோட பாசறை பாட்டில் வரும், கலெக்டரோட டேரா ரெக்கார்டில் வரும். கிடைக்காரனோட ஓலை எதிலும் வராதுன்னு நினைச்சுத்தான் தேட ஆரம்பிச்சேன். அது தப்பு. சங்கப் பாட்டிலேயே வருது.

நற்றிணை 142, இடைக்காடனார் பாட்டு. கார்காலத்துக் கடைசி மழை. ஓர் இடையன் உறி, தீக்கடை கோல் முதலான தன் தட்டுமுட்டுச் சாமானைத் தோலோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டி, முதுகில் பறியைப் போட்டுக்கொண்டு, கோலை ஊன்றி நிற்கிறான். பறி என்பதற்குப் பனையோலைப் பாய் என்று உரை சொல்வாங்க. தூறல் அவனை ஒரு பக்கம் மட்டும் நனைக்கிறது. அகநானூறு 274-உம் இதே புலவர் பாட்டு. அங்கேயும் பாதி ராத்திரி மழை, உறி, பானை, தோல், கோல், ஒரு பக்கம் நனையும் இடையன். (மானாமதுரைக்குப் பக்கத்து இடைக்காட்டூரை இந்தப் பேரோடு சேர்த்துப் பேசுகிற வழக்கம் உண்டு. நான் அதை அழுத்த மாட்டேன்.) எனக்கு முக்கியம் அந்த 'ஒரு பக்கம்'. காத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறவனுக்குத்தான் ஒரு பக்கம் மட்டும் நனையும். அவன் உடம்புதான் கூடாரம், பறிதான் கூரை, கோல்தான் நடுக்கம்பம். மொத்தமும் அவன் முதுகிலேயே வருது.

இதுக்குப் பக்கத்தில் முல்லைப்பாட்டை வச்சுப் பாருங்க. நப்பூதனார் பாடின 103 அடி. அதுவும் மழைக்காலம்தான். ராஜா காட்டை வெட்டி, முள்வேலி போட்டு, பாசறை அமைக்கிறான். வீரர்களுக்கு இலைதழை வேய்ந்த குடில் வரிசை. வில்லை நட்டு அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, கால் ஊன்றி, கயிறு இழுத்துக் கட்டின இருக்கை ஒன்றும் வருது. முக்கோலில் தொங்குகிற துறவியோட காவித் துணியை அதுக்கு உவமை சொல்கிறார். கையில் இருக்கிற ஆயுதத்தையே கம்பமாக்குகிற வேலை. ராஜாவுக்கோ திரை போட்டுப் பிரித்த ரெண்டு அறைப் பள்ளி, யவனக் காவல், பணியாள். அதைத் தூக்கிவர ஆளும் மாடும் எத்தனைன்னு பாட்டு கணக்குச் சொல்லலை, சொல்லவும் வேண்டாம். அவ்வளவு வசதியிலும் ராஜாவுக்குத் தூக்கம் வரலை என்பது வேற கதை.

இந்த ரெண்டு கூடாரமும் ரெண்டு குலம். ஒண்ணைத் தங்குகிறவனே சுமக்கிறான். இன்னொண்ணை வேறொருத்தன் சுமக்கிறான். நான் பார்த்த வரைக்கும் கூடாரத்தோட கதை முழுக்க இந்தப் பிரிவுதான் ஓடுது.

வெள்ளைக்காரன் காலம் ரெண்டாவது குலத்தோட உச்சம். ஜமாபந்திக்கும் தணிக்கைக்கும் அதிகாரி ஊர் ஊராகப் போவார். கூடாரம் ரெண்டு செட் இருக்கும். அவர் ஒண்ணில் தூங்கும்போதே மற்றது அடுத்த ஊருக்கு மாட்டு வண்டியில் கிளம்பிடும். வண்டி பிடிச்சுக் கொடுக்கிறது கிராம முன்சீப் தலையில் விழும். அடிச்சுக் கட்ட லஸ்கர்கள் தனி. முகாம், டேரா, கனாத்து எல்லாம் இப்படிக் கச்சேரியோட சேர்ந்து புழங்கின சொற்கள். வந்த விருந்தாளி கிளம்பாம இருந்தா 'டேரா போட்டுட்டான்'னு இன்னைக்கும் சொல்றோமே, அதில் கொஞ்சம் பழைய கடுப்பு ஒட்டியிருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா அந்தக் கூடாரத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது: ரெட்டைக் கூரை, நடுவில் காத்து. வெயிலுக்காகச் செய்தது. மழைக்கும் அதுதான் சரியென்று பின்னாடி தெரிஞ்சது. அதுக்குக் கீழே வர்றேன்.

சீமையிலும் இதே கதைதான். எட்வர்ட் விம்பர் 1865-இல் மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறினவர். அவர் வடிவமைச்ச கூடாரம் தரைத்துணியோட சேர்த்துத் தைச்சது, காத்துக்கு நல்லாவே நின்னுது. கனம் பத்து கிலோவை ஒட்டி. அதை மலைமேல் சுமந்தவர் லூக் மேனே என்கிற கூன் விழுந்த ஊர்க்காரர். அடுத்த தலைமுறையில் மம்மரி வர்றார். வழிகாட்டி வேண்டாம், சுமக்க ஆள் வேண்டாம், நாமே ஏறுவோம்னு கிளம்பினவர்களில் முக்கியமானவர். 1895-இல் நங்கபர்வதத்தில் காணாமல் போனார். அவர் பேரில் வந்த கூடாரம் ரெண்டு கிலோவுக்கும் கீழே. கம்பமே கிடையாது, கையில் இருக்கிற பனிக்கோடரியைக் குத்தி வச்சா அதுதான் கம்பம். முல்லைப்பாட்டு வில்லும் இடையன் கோலும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. தானே தூக்கணும்னு வந்த உடனே, மனுசன் எங்கே இருந்தாலும் ஒரே முடிவுக்குத்தான் வர்றான் போல.

மூணாவது ஆள் தாமஸ் ஹைரம் ஹோல்டிங், லண்டன் தையல்காரர். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி கூடாரம் தைச்சார். 1908-இல் முகாம் கையேடு ஒன்று போட்டார். தறிச் சத்தம் கேட்கிற அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற எனக்கு, லேசான கூடாரத்துக்கு வழிகாட்டினவர் ஒரு தையல்காரர் என்பதில் தனி சந்தோஷம்.

சரி, நைலானும் அலுமினியமும் வந்த பிறகு என்ன? இந்த வருசம் நான் தேடினப்போ கத்துக்கிட்டதைச் சொல்றேன். கூடாரத் துணிக்கு மில்லிமீட்டரில் ஓர் எண் போடுவாங்க. துணிமேல் எவ்வளவு உயரத் தண்ணியை நிறுத்தினா ஒழுகும் என்கிற கணக்கு அது. மேல்துணி 1,500-க்குக் கீழே இருந்தா நம்ம ஐப்பசி மழைக்கு ஆகாது. தரைத்துணி 3,000-ஆவது வேணும். நாம முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் அங்கேதான் விழுது. என்னோட பழைய கூடாரத்தில் அந்த எண்ணே போடலை. எண் இல்லாம 'வாட்டர்ப்ரூஃப்'னு மட்டும் போட்டிருந்தா அது தூறலுக்குக் குடைன்னு வச்சுக்கோங்க.

ஒற்றைத் துணிக் கூடாரம் விலையும் குறைச்சல், கனமும் குறைச்சல். ஆனா ஒரு ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வேர்வையிலும் ஒரு டம்ளர் தண்ணிக்குக் குறையாம வெளியே விடுறான். அது துணியில் பட்டு உள்ளேயே சொட்டும். மழை ஒழுகுதுன்னு நாம திட்டுகிற தண்ணியில் பாதி நம்ம மூச்சுதான். அதனால்தான் ரெட்டைக் கூரை: உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, நடுவில் காத்து. வெளித்துணி தரைக்கு நெருங்கி இறங்கணும், மேலே காத்துப்போக்கி ஒண்ணு வேணும். கீதாரி குடிலில் மேற்குப் பக்கம் திறந்தே கிடந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு இப்போ புரியுது.

கம்பி அலுமினியமா இருக்கணும். வளையும், நிமித்திக்கலாம், கண்ணாடி நார் மாதிரி பிளக்காது. துணியில் நைலான் நனைஞ்சா தொய்யும், நடுராத்திரி எழுந்து கயித்தை இழுக்கணும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. உயரமா, நின்னு சட்டை மாத்திக்கலாம்னு விளம்பரம் பண்றதை எல்லாம் விட்டுடுங்க. பெரியவர் சொன்ன மாதிரி அது நம்ம கூடப் படுக்கணும்.

கடைசியில் புதுசு வாங்கக் கட்டுப்படியாகலை. கொடைக்கானல் பக்கம் நடக்கப் போகிற நண்பர் ஒருத்தரிடம் பழசை வாங்கினேன். ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, ரெட்டைக் கூரை, அலுமினியக் கம்பி. பழசு வாங்கினா முதலில் முகர்ந்து பாருங்க. உள்பக்கம் பூசின பாலியூரித்தேன் பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் கெட்டுப்போய் பிசுபிசுன்னு ஒட்டும், புளிச்ச நாத்தம் அடிக்கும். நம்ம ஊர்ப் பரணில் சுருட்டிப் போட்டா சீக்கிரமே அந்தக் கதிதான். காயப் போட்டு, லேசா மடிச்சு, வீட்டுக்குள்ளே வைக்கணும். தரைக்கு அடியில் விரிக்க, அருப்புக்கோட்டையில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடையில் அளவு கொடுத்து ஒரு விரிப்புத் தைச்சேன். கூடாரத் தரையைவிட நாலு விரல் சின்னதாகத் தைக்கச் சொன்னேன். வெளியே நீட்டினா மழைத்தண்ணியை அதுவே உள்ளே கூட்டிக்கிட்டு வந்துடும். தையல்காரருக்கு ஒரே ஆச்சரியம், "எல்லாரும் பெருசாத்தான கேப்பாக" என்றார்.

முளைதான் பாக்கி. கரிசல் காய்ஞ்சா கல்லு, நனைஞ்சா களி. கூடவே தருகிற ஊசி மாதிரி முளை ரெண்டுக்கும் உதவாது. போன வாரம் பெரியவரோட மகனைப் பார்க்கப் போனப்போ இதைக் கேட்டேன். ஒரு காலி உரச்சாக்கை எடுத்து, மண்ணை அள்ளிப் போட்டு, கயித்தை அதில் கட்டிக் குழியில் புதைச்சுக் காட்டினார். மாடே இழுத்தாலும் வராது போலிருந்தது. ஆறு சாக்கு மடிச்சு எடுத்து வச்சிருக்கேன், கனம் ஒண்ணும் பெரிசில்லை.

அவர் அப்பாவோட தடத்தில் பாதி தூரம் அவரும் சின்ன வயசில் போயிருக்கிறார். என்கிட்ட இருக்கிற பதினோரு பேரை வாசிச்சுக் காட்டினேன். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் ஒரு ஊரு விட்டுப்போச்சு, மானாமதுரை தாண்டி ஒரு ஊருணிக் கரை, பேரு நாக்கு நுனியில நிக்குதுன்னார். அடுத்த மாசம் கிடை தெக்குக் காட்டுக்கு மாறுது, அங்க வாங்க, அதுக்குள்ள அம்மாகிட்ட கேட்டு வைக்கிறேன் என்றார். பென்சிலும், நோட்டைப் போட்டு வைக்க ஒரு பாலித்தீன் பையும் வாங்கியாச்சு.