மூளை இல்லாத உயிர் சொன்ன சேதி

செரடோனின் என்றதும் மகிழ்ச்சி, தூக்கம், மனச்சோர்வு மாத்திரை என்றுதான் இன்று நமக்கு நினைவு ஓடுகிறது. அது நம் மூளையில் இருப்பதைக் கண்டறிய வழிகாட்டியதோ மூளையே இல்லாத ஓர் உயிர், கடற்பாறையில் ஒட்டி வாழும் சிப்பி. இந்தக் கதையின் இன்னொரு கிளை டெல்லி கரோல் பாக்கில் முளைத்தது.

1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் இர்வின் பேஜ் உயர் ரத்த அழுத்தத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ரத்தம் உறையும்போது வெளிப்பட்டு, நாளங்களைச் சுருக்கும் ஒரு பொருள் அவருடைய சோதனைகளில் குறுக்கிட்டது. மாரிஸ் ராப்போர்ட்டும் ஆர்டா கிரீனும் அவருடன் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் செரடோனின். ரத்தத்தோடு தொடர்புடைய பொருளாகவே அதை எல்லோரும் பார்த்தார்கள். மூளையில் அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

அதே காலத்தில் ஹார்வர்டில் ஜான் வெல்ஷிடம் ஆய்வு மாணவியாக இருந்த பெட்டி ட்வாராக் சிப்பியின் ஒரு தசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிப்பியின் நரம்பு மண்டலம் மிக எளிது. வாயருகே, காலில், பின்பக்கத் தசையருகே என்று இணை இணையான நரம்பு முடிச்சுகள். அவற்றை இணைக்கும் இழைகள். ஆனால் அதன் தசைக்கு ஒரு வியப்பான திறன் உண்டு. ஒருமுறை இறுகினால் தாழ்ப்பாள் போட்டதுபோல் அப்படியே நிற்கும். மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்தாலும் செலவாகும் ஆற்றல் சொற்பம். அலை அடித்துக்கொண்டே இருக்கும் பாறையில் சிப்பி நிலைத்திருக்க இது வேண்டும்.

இறுகச் சொல்லும் நரம்புக் கடத்தி அசிட்டைல்கோலின் என்பது தெரிந்திருந்தது. தளரச் சொல்வது எது? பல பொருள்களைச் சோதித்த ட்வாராக், செரடோனின் பட்டதும் இறுக்கம் விடுவதைக் கண்டார். 1952-இல் அவர் அனுப்பிய கட்டுரை அச்சேற 1954 ஆயிற்று.

அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சிப்பியின் நரம்புக்குப் பயன்படும் பொருள் முதுகெலும்புள்ள உயிர்களின் மூளையிலும் ஏன் இருக்கக் கூடாது? பேஜுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் தன் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். நாய், எலி, முயல் ஆகியவற்றின் மூளைச் சாற்றைச் சோதிக்க ட்வாராக் பயன்படுத்தியது இன்னொரு இருவோட்டு உயிரின் இதயத்தை. வெல்ஷ் ஆராய்ந்துவந்த வீனஸ் மட்டியின் இதயம், மிகச் சிறிய அளவு செரடோனினுக்கே துடிப்பை மாற்றிக் காட்டிவிடும். மூளைச் சாறு பட்டதும் அது காட்டியது. ட்வாராக்கும் பேஜும் 1953-இல் முடிவை வெளியிட்டார்கள்: பாலூட்டிகளின் மூளையில் செரடோனின் இருக்கிறது.

இனி டெல்லி. 1921-இல் காந்தி திறந்துவைத்த கரோல் பாக் திப்பியா கல்லூரியை நிறுவியவர் ஹக்கீம் அஜ்மல் கான். நாட்டு மூலிகைகளை வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பிய அவர், ஜெர்மனியில் படித்த சலீமுஸ்ஸமான் சித்திகியை அந்தப் பணிக்கு அழைத்தார். 1927 இறுதியில் அஜ்மல் கான் காலமானார். பணி நிற்கவில்லை. 1931-இல் சித்திகி சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேர் சித்தக் கலக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினார்கள்.

அந்த வேரின் மற்றொரு பொருளான ரெசர்பினை 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் பிரித்தது. 1955-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் புரோடியின் குழு ரெசர்பின் கொடுத்த முயல்களின் மூளையில் செரடோனின் வற்றுவதைக் கண்டது. சிப்பி காட்டிய பொருளும் நம் மூலிகையும் அங்கே சந்தித்தன. ஒரு மருந்து மனத்தை மாற்றுகிறது. அதே மருந்து மூளையில் ஒரு வேதிப்பொருளையும் மாற்றுகிறது. மனநோய்க்கு வேதியியல் வழியில் விளக்கம் தேடும் துணிச்சலை மருத்துவத்துக்குத் தந்தது இந்தச் சந்திப்பு. ரெசர்பின் செரடோனினை மட்டுமல்ல, டோபமினையும் நார்அட்ரினலினையும் வற்றச் செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

இருந்தும் செரடோனினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். சிப்பியில் அதன் வேலையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். இருவோட்டு உயிர்களில் அது இறுகிய தசையைத் தளர்த்துகிறது, இதயத்தை முடுக்குகிறது, செவுளின் நுண்மயிர்களை வேகமாக அசைக்கிறது, முட்டையும் விந்தும் வெளியேறத் தூண்டுகிறது. மூலக்கூறு ஒன்றுதான். அது என்ன செய்யும் என்பதைத் தீர்மானிப்பது அதை வாங்கும் செல்லின் ஏற்பி. நம் உடலிலும் அப்படியே. செரடோனினில் பெரும்பங்கு குடலில் இருக்கிறது. மூளையிலும் அதற்குப் பலவகை ஏற்பிகள் உண்டு. மனச்சோர்வில் தவிக்கும் ஒருவரிடம் ‘உனக்கு செரடோனின் குறைவு’ என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. மாத்திரை பலருக்கு உதவுகிறது என்பது உண்மை. அந்த உதவியை வைத்து நோயின் காரணத்தை ஒற்றைப் பொருளில் அடக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை.